ஐப்டேசியா, மஜானோ: ரீஃப் தொட்டிக்குள் வரவிடாமல் தடுக்க முழுமையான வழிகாட்டி

ரீஃப் தொட்டி, அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, வைத்திருப்பவர்கள் ஐப்டேசியாவைப் பற்றிக் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் "எந்த மருந்து போட்டால் சாகும்?" என்பதுதான். அந்தக் கேள்வி வரும்போதே பாதி ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும். ஐப்டேசியாவும் மஜானோவும் பூப்போலக் கைகளை விரிக்கும் அனிமோன் என்ற கடல் உயிர்கள், தொட்டியில் களைபோலப் பெருகும். இவை தானாக முளைப்பதில்லை; கல்லோடும் பவளத்தோடும் நத்தை ஓட்டோடும் நாமே கொண்டுவந்து இறக்குகிறோம். அதனால் வாசலில் செய்ய வேண்டிய வேலைகளை முதலில் சொல்கிறேன், உள்ளே வந்துவிட்டால் என்ன செய்வது என்பது அதற்குப் பிறகு. வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். புதியவர்கள் தடுக்கி விழுவது பெரும்பாலும் வரிசையில்தான்.

1. எது களை, எது இல்லை என்று பார்க்கப் பழகுங்கள்

ஐப்டேசியா மெல்லிய, கண்ணாடி போன்ற பழுப்பு நிற உடம்பு கொண்டது. நீண்ட தண்டு, நடுவில் கீறல் மாதிரி வாய், சுற்றிலும் நுனி கூராக முடியும் கைகள். அந்தக் கைகளில் சில நீளமாகவும் இடையிடையே சில குட்டையாகவும் இருக்கும். மஜானோ குட்டையானது, தடித்தது. கைகளின் நுனி மொட்டுபோல உப்பியிருக்கும், பச்சையோ பழுப்போ கலந்த நிறம். மஜானோ பார்க்க அழகாக இருப்பதால் "இலவசமாக ஒரு பவளம் வந்திருக்கிறது" என்று நினைத்து விட்டுவைப்பவர்கள் உண்டு. தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள்.

சந்தேகமாக இருந்தால் பிப்பெட்டால் அருகில் லேசாகத் தண்ணீரைப் பீய்ச்சிப் பாருங்கள். ஐப்டேசியா சட்டென்று பொந்துக்குள் சுருங்கிவிடும். இறகுப்புழுவும் அதே வேகத்தில் உள்ளே போகும், ஆனால் அது போன இடத்தில் ஒரு குழாய் மிஞ்சி நிற்கும். ஐப்டேசியா போன இடத்தில் பழுப்பு நிறத்தில் ஒரு சின்னச் சதை உருண்டையோ வெறும் ஓட்டையோதான் தெரியும். இறகுப்புழு தண்ணீரை வடிகட்டித் தின்னும் சாது. அதைக் கொல்ல வேண்டிய தேவையே இல்லை, ஆனால் தவறாக அடையாளம் கண்டு அதன்மேல் மருந்தைக் கொட்டுவது அடிக்கடி நடக்கிறது.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்டேசியா நகரும்போது பாதத்தின் துணுக்குகளைப் பின்னால் விட்டுச் செல்லும், ஒவ்வொரு துணுக்கும் சில வாரங்களில் முழு அனிமோனாக வளரும். பெரும்பாலும் இப்படித்தான் பெருகுகிறது. கருவுற்ற முட்டையிலிருந்து மிதக்கும் லார்வாக்களை (இளம் உயிர்களை) விடும் வழியும் அதற்கு உண்டு. கீழே நான் சொல்லும் பல விதிகளுக்கு இந்தத் துணுக்குதான் காரணம்.

2. முதல் பவளம் வாங்கும் முன்பே கண்காணிப்புத் தொட்டியைத் தயார் செய்யுங்கள்

பவளத்தைக் கையில் வைத்துக்கொண்டு "எங்கே போடுவது?" என்று யோசித்தால் அது நேராகப் பெரிய தொட்டிக்குத்தான் போகும். அதனால் புதிதாக வாங்கியவற்றைத் தனியாக வைத்துக் கவனிக்கும் இந்தத் தொட்டியை முதலில் அமையுங்கள். பெரிய செலவு தேவையில்லை. 40 லிட்டர் அளவில் ஒரு தொட்டி, ஹீட்டர், சின்ன பம்ப், பவளம் உயிர்வாழப் போதுமான விளக்கு, பிராக் (வெட்டி விற்கும் சின்னப் பவளத் துண்டு) வைக்க ஒரு ரேக். இவ்வளவுதான். அடியில் மணல் வேண்டாம், கல் வேண்டாம். தரை வெறுமையாக இருந்தால்தான் ஒட்டிக்கொள்ளும் ஒவ்வொரு புள்ளியும் கண்ணில் படும்.

உப்பின் அடர்த்தி 1.025, வெப்பம் 25–26 டிகிரி என்று பெரிய தொட்டியோடு ஒத்திருக்கட்டும். தண்ணீர் மாற்றும்போது பெரிய தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை இதற்கு ஊற்றலாம். ஆனால் இதிலிருந்து ஒரு சொட்டுகூட அங்கே போகக்கூடாது. வலை, இடுக்கி, உறிஞ்சு குழாய் எல்லாமே இதற்குத் தனியாக இருக்கட்டும். ஈரமான இடுக்கியின் நுனியில் ஒட்டிய ஒரு துணுக்கு போதும், இத்தனை ஏற்பாடும் வீண்.

3. கல்லும் பழைய சாமான்களும்

புதிதாகத் தொட்டி அமைக்கிறீர்கள் என்றால் உலர்ந்த கல்லில் தொடங்குங்கள். கடலிலிருந்தோ இன்னொருவர் தொட்டியிலிருந்தோ ஈரமாக வரும் லைவ் ராக்கில் நல்ல உயிர்களும் வரும், களைகளும் வரும், பிரித்து எடுக்க வழி இல்லை. உலர்ந்த கல்லில் பாக்டீரியா நிலைபெறக் கூடுதல் காலம் ஆகும் என்பது உண்மைதான். அந்தக் காத்திருப்பு, பின்னால் வருஷக்கணக்கில் ஐப்டேசியாவோடு மல்லுக்கட்டுவதைவிட எவ்வளவோ மேல்.

ஏற்கெனவே களை பிடித்த கல் கையில் இருந்தால் ஒரு பங்கு வீட்டு பிளீச், பத்துப் பங்கு தண்ணீர் என்று கலந்து திறந்த வெளியில் ஒரு நாள் ஊறவையுங்கள். அப்புறம் நன்றாக அலசி, குளோரினை நீக்கும் மருந்து போட்டு, வாடை முழுவதும் போகும்வரை வெயிலில் காயவையுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுக் குளோரின் வாயு கிளம்பும்.

ஈரமான கல்லைக் கொதிக்க வைப்பது, வெந்நீர் ஊற்றித் தேய்ப்பது, மைக்ரோவேவில் வைப்பது மூன்றும் கூடவே கூடாது. கல்லில் பாலித்தோவா, சோவாந்திட் வகைப் பவளங்கள் ஒட்டியிருந்தால் அவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் இருக்கலாம், அது ஆவியோடு சேர்ந்து மூச்சில் போகும். இப்படிக் கல்லை வேகவைத்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. களை போகிறதோ இல்லையோ, அந்த வழியே வேண்டாம்.

பழைய பம்ப், குழாய், ஸ்கிம்மர் (நுரையோடு கழிவைப் பிரிக்கும் கருவி) வாங்கினால் பிரித்துப் போட்டு, வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்ததில் ஒரு நாள் ஊறவைத்து, அலசி, ஈரமே இல்லாமல் காயவிடுங்கள். பம்ப்புக்குள் சுழலும் இம்பெல்லரின் பள்ளத்தில் மறைந்திருப்பதுதான் பெரும்பாலும் தப்பிவிடும்.

4. பிராக் வந்ததும் பிளக்கை வெட்டி எறியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றை மட்டும் செய்வதாக இருந்தால் இதைச் செய்யுங்கள். பவளத்தின் உயிருள்ள சதைமேல் ஐப்டேசியா உட்காருவது அரிது. அது இருப்பது பிளக்கில், அதாவது பவளத்தை ஒட்டி விற்கும் தட்டும் தண்டுமான அடித்தாங்கியில்: தட்டின் அடிப்பக்கம், தண்டும் தட்டும் சேரும் மூலை, ஒட்டிய பசை உதிர்ந்து விட்டிருக்கும் இடுக்கு. மேலிருந்து பார்த்தால் பளிங்கு மாதிரி சுத்தமாக இருக்கும் பிராக்கைத் திருப்பிப் பாருங்கள். தட்டின் விளிம்புக்குக் கீழே மிளகில் பாதி அளவில் பழுப்பாக ஒன்று சுருண்டு கிடக்கும், தண்ணீரிலிருந்து எடுத்துவிட்டதால் கைகளெல்லாம் உள்ளிழுத்து, பார்க்க வெறும் அழுக்குப் பொட்டு. அதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள்.

கிளைப் பவளமானால் போன் கட்டரால் (பவளம் வெட்டும் கத்தரி), பிளக்கைத் தொடாமல், பவளத்தின் எலும்பிலேயே வெட்டுங்கள். பெரிய பாலிப் (வாயும் கைகளும் உள்ள சதைப் பகுதி) கொண்ட பவளமானால் எலும்பின் அடிப்பாகத்திலிருந்து பிளக்கை நெம்பி எடுங்கள். வெட்டிய பவளத்தை புது செராமிக் பிளக்கில் ஜெல் வகை சூப்பர் க்ளூவால் ஒட்டுங்கள். அது ஈரத்திலேயே இறுகும், தொட்டிக்கும் தீங்கில்லை. பழைய பிளக் நேராகக் குப்பைக்கு. "தேய்த்துக் கழுவித் திரும்ப உபயோகிக்கலாம்" என்று எடுத்து வைக்காதீர்கள்.

மான்டிப்போரா மாதிரி தட்டு முழுக்கப் படர்ந்துவிட்ட பவளத்தைப் பிரிக்க முடியாது. அப்போது தண்டை ஒட்ட நறுக்கிவிட்டு, தட்டின் அடியையும் விளிம்பில் தெரியும் வெற்று செராமிக்கையும் ஜெல் பசையால் முழுவதும் மூடிப் புது பிளக்கின்மேல் பதியுங்கள். இது பிரித்தெடுப்பதற்கு இணையாகாது, அதனால் இப்படிச் செய்த பிராக்கைக் கண்காணிப்பில் கூடுதல் நாள் வையுங்கள்.

சோவாந்திட் வகைகளை வெட்டும்போது கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். வெட்டும்போது சாறு பீய்ச்சி அடிக்கும், கண்ணில் பட்டால் விளையாட்டில்லை. உப்புத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் மூழ்கவைத்தபடி வெட்டினால் தெறிப்பது குறையும். கையில் புண் இருந்தால் அன்றைக்கு அந்த வேலையே வேண்டாம்.

பயணத்தில் வாடி வந்திருக்கும் பவளத்தை வந்த அன்றே வெட்ட வேண்டியதில்லை. கண்காணிப்புத் தொட்டியில் பழைய பிளக்கோடு சில நாள் தேறவிட்டு அப்புறம் வெட்டுங்கள். அது தனித் தொட்டியில்தானே இருக்கிறது, அவசரமில்லை.

5. டிப்: எதற்காகச் செய்கிறோம் என்று தெரிந்து செய்யுங்கள்

பவளத்தை டிப்பில், அதாவது மருந்து கலந்த தண்ணீரில், முக்கிவிட்டால் எல்லாம் செத்துவிடும் என்ற நம்பிக்கைதான் ஐப்டேசியா பரவ முக்கியக் காரணம். டிப் தட்டைப்புழு, பவளம் தின்னும் நூடிபிராங்க் (ஓடில்லாத கடல் நத்தை) இவற்றைக் கொல்ல நல்லது. ஐப்டேசியா என்ன செய்யும் தெரியுமா? வாயை மூடி, உடம்பை உள்ளே இழுத்து, மருந்து போகும்வரை அப்படியே இருந்துவிட்டு மறுநாள் மலர்ந்து நிற்கும். பவளத்தைக் கொல்லாமல் அதை மட்டும் உறுதியாகக் கொல்லும் என்று எந்த டிப்பையும் நம்பி இறங்காதீர்கள்.

வரிசை இதுதான்: பிளக்கை வெட்டுவது, டிப், சுத்தமான உப்புத் தண்ணீரில் அலசல், புது பிளக்கில் ஒட்டுவது, கண்காணிப்புத் தொட்டி. பிளக் போன பிறகு டிப் செய்தால் இதுவரை மறைந்திருந்த அடிப்பக்கத்துக்கும் மருந்து எட்டும், அந்தப் புழு, நூடிபிராங்க் முட்டைகள் இருந்தால் அவற்றையும் பார்த்துச் சுரண்டிவிடலாம். முதலில் ஒட்டிவிட்டு டிப் செய்தால் மறுபடியும் அந்தப் பக்கம் மூடிப்போகும்.

6. கண்காணிப்பில் பட்டினி போடாதீர்கள், சாப்பாடு போடுங்கள்

பலரும் இங்கே தலைகீழாகச் செய்கிறார்கள். கண்காணிப்புத் தொட்டியைச் சுத்தமாக வைக்கிறேன் என்று உணவே போடாமல் சில வாரம் வைத்திருந்து, ஒன்றும் தெரியவில்லை என்று பெரிய தொட்டிக்கு மாற்றுவார்கள். பட்டினி கிடக்கும் ஐப்டேசியா சாகாது. அதன் உடம்புக்குள் இருக்கும் நுண்பாசி வெளிச்சத்திலிருந்து உணவு செய்து கொடுக்கும், அதை வைத்துக்கொண்டு குண்டூசித் தலை அளவில் இடுக்குக்குள் கிடக்கும். மீன் உள்ள, உணவு விழும் தொட்டிக்குப் போனதும்தான் எழுந்து நிற்கும்.

நமக்கு அது இங்கேயே எழுந்து நிற்க வேண்டும். வாரத்துக்கு இரண்டு முறை, விளக்கு அணைந்த பிறகு, முட்டையிலிருந்து புதிதாக வெளிவந்த ஆர்ட்டீமியா (உப்புநீர்ச் சின்ன இறால்) குஞ்சுகளைக் கொஞ்சமாகத் தூவுங்கள். பவளமும் தேறும், ஒளிந்திருக்கும் துணுக்கும் வளர்ந்து கண்ணில் படும். மறுநாள் தண்ணீரில் ஒரு பகுதியை மாற்றிவிடுங்கள், சின்னத் தொட்டியில் மிச்ச உணவு சீக்கிரம் தண்ணீரைக் கெடுக்கும்.

பார்ப்பதற்குச் சிறந்த நேரம் விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்து. டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள், கண்ணாடி போன்ற கைகள் விளிம்பில் மின்னும். ஒவ்வொரு பிளக்கையும் எடுத்துத் திருப்பி அடியையும் பாருங்கள்.

எத்தனை நாள்? குறைந்தது 6 வாரம். நடுவில் ஒன்று தென்பட்டால் அந்த பிளக்கை மறுபடி வெட்டிப் போட்டுவிட்டு, எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். அந்த ஒரு பிராக்குக்கு மட்டுமல்ல, தொட்டியில் இருக்கும் எல்லாவற்றுக்கும். அதே காரணத்தால் நடுவில் புதிதாக ஒன்றைச் சேர்த்தாலும் எல்லோருக்கும் நாள் முதலிலிருந்துதான். வாங்குவதை ஒரே தடவையாகச் சேர்த்து வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

7. நத்தை, நண்டு, பாசி

பவளத்துக்கு இத்தனையும் செய்துவிட்டு நத்தையை மட்டும் பையிலிருந்து நேராகக் கொட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓட்டின் சுருள் பள்ளத்தில் ஐப்டேசியா சவாரி செய்யும், அதுவும் தொட்டி முழுக்கச் சுற்றிக் காட்டும் வாகனம். நத்தையும் துறவி நண்டும் அதே 6 வாரம் தனியாக இருக்கட்டும். ரெஃப்யூஜியத்துக்கு (பாசி வளர்க்கும் தனிப் பகுதி) வாங்கும் கீட்டோ பாசியை வெள்ளைத் தட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றிப் பிரித்துப் பிரித்து அலசுங்கள். கொத்தாக அப்படியே போடாதீர்கள், நடுவில் என்ன இருக்கிறதென்று தெரியாது.

8. உள்ளே ஒன்று தெரிந்துவிட்டால்

முதல் விதி: கிள்ளாதீர்கள், சுரண்டாதீர்கள், நசுக்காதீர்கள். மேலே சொன்ன துணுக்கு விஷயம்தான். பிரஷ்ஷால் தேய்த்தால் ஒன்று பத்தாகும், பம்ப் அதைத் தொட்டி முழுக்க விதைக்கும்.

அது உட்கார்ந்திருக்கும் கல் கையில் எடுக்கக்கூடியதா? அப்படியானால் மருந்தைத் தேடாமல் கல்லையே வெளியே எடுத்துவிடுங்கள், அல்லது தொட்டிக்கு வெளியே வைத்து அனிமோனைச் சுற்றி ஒரு சென்டிமீட்டர் கல்லோடு சேர்த்து உளியால் பெயர்த்து எறியுங்கள். இதைவிட நிச்சயமான வழி எதுவும் இல்லை.

எடுக்க முடியாத இடத்தில் இருந்தால் ஊசி இல்லாத வளைந்த முனை சிரிஞ்சில் மருந்து கொடுப்பது அடுத்தது. ஐப்டேசியா-எக்ஸ் போன்று கடையில் கிடைக்கும் தயாரிப்புகள் எளிது. கால்க்வாசர் பொடியை, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடை, ஆர்.ஓ. தண்ணீரில் பற்பசையைவிடக் கொஞ்சம் இளக்கமாகக் குழைத்தும் செய்யலாம். இது கடும் காரம், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா பம்ப்பையும் நிறுத்துங்கள். ஓட்டம் இருந்தால் பசை பக்கத்துப் பவளத்தின்மேல் போய் உட்காரும். பிறகு சிரிஞ்ச் முனையை மெதுவாக, மேலிருந்து, நிழல் விழாமல் கொண்டுபோங்கள். அனிமோனைத் தொடக்கூடாது; தொட்டால் சுருங்கி உள்ளே போய்விடும், பசை ஓட்டையின் வாசலை மட்டும் மூடும், அது பின்பக்கமாக வேறு இடுக்கில் எழும். வாய்க்கு நேர்மேலே நிறுத்தி ஒரு சின்னச் சொட்டு விடுங்கள். அது உணவென்று நினைத்துக் கைகளை மடக்கி உள்ளே இழுக்கும். அந்த நொடியில்தான் மிச்சத்தையும் விட்டு முழுவதுமாக மூட வேண்டும். நன்றாகப் பட்டால் உடம்பு வெளுத்துக் கலங்கும், சில சமயம் வெள்ளை இழைகளைக் கக்கும். அவை கொட்டும் இழைகள், பவளத்தின்மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 15 நிமிடம் கழித்து பம்ப்பைப் போடலாம்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் தீர்க்க நினைக்காதீர்கள். காரம் தண்ணீரின் பி.எச்-ஐ (அமில-கார அளவை) ஏற்றும். சின்னத் தொட்டியில் ஒரு நாளுக்கு நாலைந்துக்கு மேல் வேண்டாம், பி.எச் 8.5-ஐ நெருங்கினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். அடித்த இடங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு வாரம் கவனியுங்கள். அதே இடத்தைச் சுற்றிக் குட்டிகள் வருவது சகஜம், அவை சின்னதாக இருக்கும்போதே மறுபடி அடியுங்கள்.

சூப்பர் க்ளூவால் மட்டும் மூடுவது கண்ணாடியிலோ வழவழப்பான பரப்பிலோ ஓரளவு பலிக்கும். துளைகள் நிறைந்த கல்லில் அது வேறு வாசல் கண்டுபிடித்துவிடும்.

9. சம்ப்பும் ஓவர்ஃப்ளோவும்தான் விதைக்கிடங்கு

முன்னால் தெரியும் நாலைந்தை அடித்துக்கொண்டே இருப்பார்கள், அது திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். தொட்டித் தண்ணீர் வழிந்து இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். உணவுத் துகள் ஓயாமல் வந்து விழும், மீனோ இறாலோ எட்டாது, யாரும் பார்ப்பதில்லை. அந்தத் தண்ணீர் போய்ச் சேரும் சம்ப் என்ற துணைத் தொட்டியின் சுவர், ரெஃப்யூஜியம், குழாய் முனை எல்லாமே அப்படித்தான். கொல்லத் தொடங்குவது இங்கிருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே பவளம் இல்லாததால் தைரியமாக வேலை செய்யலாம்: பம்ப்பை நிறுத்தி, முடிந்தால் சம்ப்பைத் தனியாகக் கழற்றித் தண்ணீரை இறைத்துவிட்டு வினிகரால் கழுவுங்கள்.

உணவைக் குறைத்தால் அவை பட்டினியால் அழிந்துவிடுமா என்றால், அழியாது. பெருகும் வேகம் மட்டும் குறையும். அந்த அளவுக்கு அது உதவி.

10. அதைத் தின்னும் உயிர்கள்

எண்ணிக்கை கையை மீறிவிட்டால் சிரிஞ்ச் போதாது. அப்போது இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் இறக்காதீர்கள், ஒன்றை ஒன்று தின்னும்.

பெப்பர்மின்ட் இறால் சின்ன ஐப்டேசியாக்களை நன்றாகத் தின்னும், பெரியவற்றை விட்டுவிடும். மீனுக்கு அள்ளிப் போடும் தொட்டியில் அது ஐப்டேசியாவைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாங்கும்போது ஒட்டக இறாலை அதென்று நினைத்து வாங்கிவிடாதீர்கள்: முதுகில் தூக்கலான கூன், பெரிய கண்கள், சிவப்பில் வெள்ளைக் கோடுகளும் புள்ளிகளும் இருந்தால் அது பவளத்தைத் தின்னும் ஆள்.

பெர்கியா நூடிபிராங்க் தின்பது ஐப்டேசியாவை மட்டும்தான், பவளத்தைத் தொடாது. என் தேர்வு எப்போதும் இதுதான். ஆனால் மஜானோவுக்கு இது உதவாது, அதற்குச் சிரிஞ்சும் உளியும்தான். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருக்கும் இந்த நூடிபிராங்கை ராஸ் வகை மீன்களும் பெப்பர்மின்ட் இறாலும் தின்றுவிடும், பம்ப் உறிஞ்சிவிடும். அதனால் பம்ப் வாயை ஸ்பாஞ்சால் மூடி, விளக்கு அணைந்த பிறகு, பிப்பெட்டில் எடுத்து ஐப்டேசியா கூட்டத்துக்கு அருகே கல்லிலேயே விடுங்கள். கூட்டமாக விடுங்கள், ஒவ்வொன்றும் ஆணும் பெண்ணுமாக இருந்தாலும் இனம் பெருக இன்னொன்று வேண்டும். கண்ணாடியில் வெள்ளை நூல் சுருள்போல முட்டை தெரிந்தால் நல்ல சேதி, சுரண்டிவிடாதீர்கள். பலன் தெரியவே ஒன்றிரண்டு மாதம் ஆகும், பலர் இரண்டாவது வாரத்திலேயே நம்பிக்கை இழந்து மருந்தைக் கையில் எடுத்துவிடுகிறார்கள். மருந்து அடித்த ஐப்டேசியாவை பெர்கியாவுக்கு விட்டுவைக்காதீர்கள்.

காப்பர்பேண்ட் பட்டாம்பூச்சி மீனும் ஐப்டேசியா தின்னும் ஃபைல்ஃபிஷ்ஷும் பெரிய தொட்டிக்காரர்களுக்கு. காப்பர்பேண்டைச் சாப்பிட வைப்பதே பெரும்பாடு, இறகுப்புழுக்களையும் தின்றுவிடும். ஃபைல்ஃபிஷ் சில சமயம் பவளத்தைக் கொறிக்கும். களைக்காக மட்டும் ஒரு மீனை வாங்குவதை நான் பரிந்துரைப்பதில்லை, களை தீர்ந்த பிறகும் அதை வருஷக்கணக்கில் வளர்க்க வேண்டியவர் நீங்கள்தான்.

பெர்கியாவுக்கு வேறு உணவு கிடையாது, கடைசி ஐப்டேசியா தீர்ந்த சில நாளில் செத்துவிடும். கண்ணில் படும் ஐப்டேசியா நின்றதும் இரவில் டார்ச் அடித்துப் பிடிக்க முடிந்தவற்றைப் பிடித்து, தேவைப்படும் இன்னொருவருக்குக் கொடுத்துவிடுங்கள். கொடுக்கும் தண்ணீரில் உங்கள் தொட்டியின் துணுக்கு எதுவும் போகாதபடி சுத்தமான உப்புத் தண்ணீரில் மாற்றிக் கொடுங்கள்.